லயத்தை இடிக்கும் முன்

பூனாகலைப் பகுதியில் பழைய லயங்களைப் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப்) பற்றிக் கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். லயத்தைப் பாதுகாக்க வேண்டுமா என்பது ஒன்று. அதில் தொடர்ந்து குடியிருக்கலாமா என்பது வேறொன்று. லயத்துக்கு மரபு மதிப்பு நிச்சயமாக உண்டு. அதற்காக எந்தக் குடும்பமும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (லய அறையில்) நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. காணியோடு தனி வீடு கிடைத்தால் தயங்காமல் போங்கள்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களிலிருந்து மக்களை இடம்பெயர்க்கும்படி முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. தரையில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் பீலித் (மலை ஊற்றுக் குழாய்) தண்ணீர், நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று இறுகிக்கொள்வது, மரங்கள் சாய்வது ஆகியவை மலை நகர்வதன் அடையாளங்கள். வெடிப்பைச் சீமெந்து பூசி மறைத்தால் எச்சரிக்கைதான் மறையும். வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று சொன்ன சரிவில் மரபைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நிலம் உறுதியாக இருந்து, புது வீடு வரும்வரை லயத்திலேயே இருக்க வேண்டியவர்கள் மரத்தைக் கவனியுங்கள். பழைய லயங்களில் கைமரமும் (கூரைத் தகரத்தைத் தாங்கும் சரிவு மரம்) கதவு நிலையும்தான் முதலில் கெடும். காரணம் பெரும்பாலும் தண்ணீர். துருப்பிடித்த ஆணித் துளைகளில் மழை இறங்கும். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர், உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி நிலைக்காலுக்கும் சுவரில் பதிந்த கைமர முனைக்கும் போய்ச் சேரும்.

திருப்புளியால் நிலையின் அடியை மெல்லக் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது. சுவரில் மண் குழாய் தெரிந்தால் கரையான். மரத்தூள் கொட்டினால் வண்டு. இரண்டுக்கும் பயந்து முழுக் கூரையையும் பிரிக்க வேண்டாம். ஒழுக்கை அடைத்து, சுவரோரக் கானைத் துப்புரவாக்கி, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே வகை மரத்தை இணைத்தால் பெரும்பாலும் போதும். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள்.

மரத்துக்குக் கழிவு எண்ணெய் பூசுவது இங்கே பரவலாக இருக்கும் குறுக்குவழி. தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் ஊறிய மரம் எளிதில் தீப்பிடிக்கும். பல லயங்களில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரைவரை எழுவதில்லை. ஒரு அடுப்பில் பிடித்த தீ அந்த இடைவெளியால் வரிசை முழுவதற்கும் ஓடிவிடும்.

இடியப்போகும் லயத்தில் காக்க என்ன இருக்கிறது? பல துரை (தோட்ட அதிகாரி) பங்களாக்கள் விடுதிகளாகிப் பேணப்படுகின்றன. ஆனால் இந்த மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்கள் எங்கே சமைத்தார்கள், எத்தனை பேர் எந்த இடத்தில் படுத்தார்கள் என்பதற்கு லயமே சாட்சி. பலகையில் நேர்க்கோடாக வாள் தடம் இருந்தால் கையால் அறுத்ததாக இருக்கலாம். வில்லாக வளைந்திருந்தால் வட்ட வாள் அறுத்தது. ஆணியின் தண்டு சதுரமா உருண்டையா என்பதும் காலத்தை ஊகிக்க உதவும். தகரத்தின் அடிப்பக்கத்தில் தயாரித்தவர் முத்திரையைத் தேடுங்கள். ரயில் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. தகரம் ரயிலில் வந்திருக்கலாம் என்பதால், கூரையின் காலத்தை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். ஆனால் மாற்றிப் போட்ட தகரமும் இருக்கும். ஒரே தடயத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

இடிக்கும் நாள் தெரிந்தவுடன் காம்பரா, இஸ்தோப்பு (முன் திண்ணை), அடுப்படி, பீலிக்குப் போகும் பாதை எல்லாவற்றையும் நாடாவால் அளந்து வரைபடம் போடுங்கள். புகைப்படமும் எடுங்கள்; ஒவ்வொன்றிலும் அளவுக்காக ஓர் அடிக்கோல் இருக்கட்டும். யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்யுங்கள். கதவிலுள்ள இலக்கத்தையோ கீறல்களையோ தேய்க்கவும் வார்னிஷ் அடிக்கவும் வேண்டாம்.

லயம் பொதுவாகத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும். ஒரு நிலையையோ கதவையோ எடுத்து வைக்க நினைத்தால், தோட்டத் தலைவர் மூலம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது. உங்கள் பதிவின் ஒரு பிரதியைப் பெற்றுக்கொள்வார்களா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். இன்னொன்றைத் தோட்டப் பாடசாலையில் வையுங்கள்.