முகத்தில் தடவும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

நம் அறக்கட்டளை நடத்தும் அழகுக்கலைப் பயிற்சியில் முக மசாஜ் பாடம் நடந்த அன்று, ஒரு பிள்ளை வீட்டிலிருந்து க்ரீம் டப்பா ஒன்றைக் கொண்டு வந்து, "இதை வைத்து மசாஜ் பண்ணலாமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு பெண்களுக்கு மட்டும் என்பதால் நாம் உள்ளே போவதில்லை. ஆசிரியை அந்த டப்பாவைப் பாலித்தீன் கவரில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார். பார்த்ததும் நமக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிக்காஹ் உதவி பெறும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் சீர்ப்பெட்டியில் சோப்பு, அத்தர், சீப்போடு இரண்டு வருடமாக நாமே வைத்துக் கொடுத்த க்ரீம் அது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நல்ல மனதோடு பெட்டி பெட்டியாகக் கொடுத்தார். மணப்பெண் முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நாமும் சந்தோஷமாக வாங்கி வைத்தோம். ஒருவராவது டப்பாவைத் திருப்பிப் படித்தோமா என்றால் இல்லை. இந்தப் பாடத்தை எழுதக் காரணம் அதுதான்.

டப்பாவின் பின்னால் என்ன இருந்தது? தயாரித்தவர் முகவரி இல்லை. பேட்ச் எண் இல்லை. இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இல்லை. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. ஆனால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். முகத்தில் தடவும் பொருளுக்கு நகையோடு என்ன பகை? பாதரசம் தங்கத்தில் பட்டால் அதோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். நகைத்தொழில் செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் இப்படி ஓர் எச்சரிக்கை இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பது.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். பாதரசம் அது உருவாவதைத் தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுத்தது போலத் தெரியும். இந்தப் பலன் கண்ணுக்குத் தெரிவதால்தான் பெண்கள் மயங்குகிறார்கள். ஆனால் தடவியது தோலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது.

கேரளாவில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் நடந்ததைச் சொல்கிறோம். நம்மைப் போலவே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் பகுதி. அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு, சிறுநீரில் புரதம் கசிந்து கால் வீங்கியவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு, சாதாரணமாக அரிதாகக் காணப்படும் ஒரே வகைப் பாதிப்பு இருந்தது. துருவிக் கேட்டதில் அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசிவந்தவர்கள். மருத்துவர்கள் இதை 2024-ல் சிறுநீரகவியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள் என்பது அதில் உள்ள ஆறுதல். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

லேபிள் இல்லாத பொருள் என்ன செய்யும் என்று நம் எக்கியார்குப்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் மெத்தனாலால் இந்தக் குப்பம் பட்ட துயரம் இன்னும் ஆறவில்லை. அது சாராயம், இது க்ரீம்தானே என்று எண்ண வேண்டாம். இரண்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

இன்னொரு ஆபத்து நம் ஊர்க் கடைகளிலேயே சின்ன ட்யூபில் கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன், மொமட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களை மனதில் வையுங்கள். இவை ஸ்டீராய்டு மருந்துகள். படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் நாள் கணக்குச் சொல்லிக் கொடுப்பவை. 2018-லேயே அரசு இத்தகைய பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்படியிருந்தும் 'முகத்துக்கு நல்லது' என்று ஒருத்தி சொல்ல இன்னொருத்தி வாங்குகிறாள். முதல் மாதம் முகம் மின்னும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், முடி முளைக்கும், பரு கொப்பளிக்கும். மாதக் கணக்கில் பூசியவர்கள் தாமாக நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடலாம். தோல் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

சரி, எதைத்தான் பூசுவது? செலவு அதிகம் இல்லை. கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கும். வாசலின் இருக்கிற ஈரத்தைப் போகவிடாது. அதனால் இரண்டையும் முகம் கழுவி ஈரம் முழுதும் காயும் முன் தடவ வேண்டும். ஒரு நாளில் ஐந்து முறை ஒளூ செய்யும் நமக்கு ஒவ்வொரு முறையும் சோப்பு தேவையில்லை, தண்ணீரே போதும். (வாசலின் பூசிய முகத்தோடு ஒளூ கூடுமா என்று வகுப்பில் கேட்டார்களாம். அதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) உப்பளத்துக்குப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கைகால் கழுவி, ஒற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம் மருந்துக்கடையில் கிடைக்கும். வெள்ளை உப்பில் பட்டு வெயில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. குடையோ முக்காடோ மட்டும் போதாது. வசதி இருந்தால் எஸ்.பி.எஃப். 30 போட்ட சன்ஸ்கிரீன் வாங்குங்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ளது பலருக்கும் எரிச்சல் தராது. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் மட்டும் போகாதீர்கள், கொப்புளம் வந்து கறுப்புத் தழும்பு நின்றுவிடும். கல்யாண வீட்டில் உடனே கறுப்பாகப் பிடிக்கும் 'மருதாணி'யும் இப்படித்தான். அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் இருக்கும்.

எது புதிதானாலும் முழங்கையின் உள்பக்கத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். பட்டியலில் முதலில் வருவதுதான் அதிக அளவில் இருப்பது. 'கற்றாழை' என்று அட்டையில் பெரிதாகப் போட்டு, பட்டியலின் கடைசியில் அது வந்தால் எவ்வளவு கற்றாழை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மசாஜ் விஷயம் சுருக்கமாக. கை கழுவி, நகம் வெட்டி, முகத்தைச் சுத்தம் செய்து, கை வழுக்கும் அளவு எண்ணெய் எடுங்கள். தாடையிலிருந்து காதை நோக்கி, மூக்கோரத்திலிருந்து கன்னத்தின் மேலாக, நெற்றி நடுவிலிருந்து பொட்டை நோக்கி மெதுவாகத் தடவுங்கள். கண்ணைச் சுற்றி மோதிர விரல் மட்டும். அந்த விரலுக்குத்தான் அழுத்தம் குறைவு. கழுத்தின் இரு பக்கமும் அழுத்தக் கூடாது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அங்கே இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சீழ்ப் பரு, படை, வெயில் புண் இருந்தால் தொடவே வேண்டாம். மசாஜால் ரத்த ஓட்டம் கூடி முகம் சில மணி நேரம் தெளிவாக இருக்கும். நிறம் மாறாது. வாடிக்கையாளரிடம் மாறும் என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது என்று நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்கும்வரை இந்தக் க்ரீமும் விற்கத்தான் செய்யும். அதை ஜமாஅத்தில் தனியாகப் பேச வேண்டும்.

இப்போது ஒரு வேண்டுகோள். சென்ற இரண்டு வருடங்களில் நம்மிடம் சீர்ப்பெட்டி வாங்கிய பிள்ளைகள் அந்தக் க்ரீமை இன்றே நிறுத்துங்கள். குப்பையிலோ கடலிலோ போடாமல், மூடிய கவரில் அலுவலகத்தில் கொடுங்கள். நீங்கள் துடைத்த துண்டு வழியாகவும், முத்தமிடும் குழந்தைக்கும் அது போகும். ஆகையால் துண்டு, தலையணை உறைகளைத் தனியாகத் துவையுங்கள். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், காலையில் முகம் உப்புதல் இருந்தால் தாமதிக்காதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் ஒரு தடவை சிறுநீரில் புரதம் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் முதலில் போக வேண்டும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் புதுவை ஜிப்மர் போய்வரும் செலவை அறக்கட்டளை ஏற்கும். வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போன பிள்ளைகளுக்கு அவரவர் தாய் வீட்டார் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.