கிழட்டு நாய் தள்ளாடினால்

இஸ்தோப்பில் பத்து வருசம் காவல் காத்த நாய், ஒரு காலையில் தலையைச் சாய்த்துத் தள்ளாடி விழும். கண்மணி பக்கவாட்டில் துடிக்கும். "விசர்தான், அடிச்சுப் போடு" என்போம். அவசரம் வேண்டாம். வயதான நாய்க்கு உட்காதில் சமநிலை கெட்டாலும் இப்படி வரும். ஆனாலும் வைத்தியர் பார்க்கும் வரை வாய்க்கருகில் கை வைக்கக் கூடாது; விசர் ஊசி போடாத நாயென்றால் இன்னும் கவனம்.

விசர் இல்லையென வைத்தியர் சொன்ன பின் வீட்டில் நாம் செய்வது:

1. படி, கான் பக்கம் விடாமல் சாக்கு விரித்துப் படுக்க வைப்போம்.
2. தண்ணீரும் சோறும் பக்கத்தில் வைப்போம்.
3. கண் துடிப்பு, நடை, சாப்பாடு மூன்றையும் தினமும் பார்ப்போம்.

பெரும்பாலும் 3 நாளில் தேறத் தொடங்கி, 2, 3 கிழமையில் நடந்துவிடும். தலைச்சாய்வு மட்டும் நிற்கலாம்; பயமில்லை. தேறாவிட்டாலோ வலிப்பு வந்தாலோ திரும்பவும் வைத்தியரிடம் காட்டுவோம்.