தேயிலையே வண்ணப்பெட்டி

மலேசியாவின் கேமரன் மலையில் 1929 முதல் தேயிலை வளர்க்கிறது ‘போ’ (BOH) தோட்டம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தர, முதலில் தேயிலையையே கையில் கொடுங்கள்.

முற்றிய இலையைக் கழுவித் துடைத்து, நரம்பு மேலே தெரியக் கவிழ்த்து, மெல்லிய தாளை மூடி, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ரம்பப்பல் விளிம்புவரை பதியும். கொழுந்து வேண்டாம், நசுங்கிவிடும்.

அடுத்தது இன்னும் அருமை. கெட்டித் தேநீரைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். மலை ஈரத்தில் தாமதமாகும், முதல்நாளே பூசுங்கள். துருப்பிடித்த ஆணி ஓரிரு நாள் ஊறிய வினிகரைத் தூரிகையில் தொட்டு வரைந்தால், பழுப்பு கண்ணெதிரே கருஞ்சாம்பலாகும். தேயிலையின் டானினோடு இரும்பு சேர்வதே காரணம். அதை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், பிள்ளையே கேட்கட்டும். ஆணியைப் பெரியவர்களே எடுங்கள். வரைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.