ரீபண்ட் வந்தால் ஈஐ-யை வெட்டுவார்களா?

மார்ச் பிறந்தால் கனடாவின் ஸ்காபரோவில் பனி உருகுதோ இல்லையோ, ஈஐ என்கிற வேலைக் காப்புறுதிப் பணத்தைப் பற்றி இந்தக் கதை கிளம்பிவிடும். "ஈஐ எடுக்கிற நேரம் ரக்ஸ் ரீபண்ட் வந்தா, அதையும் உழைப்பா எடுத்து ஈஐ-யை வெட்டிப்போடுவினமாம். ஈஐ முடியுமட்டும் பைல் பண்ணாமல் இருக்கிறதுதான் புத்தியாம்." யார் சொன்னது என்று கேட்டால், வேலையிடத்தில் ஒரு அண்ணை. அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னவரை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

வெட்ட மாட்டார்கள். ஒரு சதம்கூட வெட்ட மாட்டார்கள்.

ரீபண்ட் என்பது உங்கள் சம்பளத்திலிருந்து கூடுதலாகப் பிடித்த வரி. கடைக்காரர் மிச்சக் காசைத் திருப்பித் தருகிற மாதிரித்தான் அது. வேலைக் காப்புறுதி ஒழுங்குவிதிகளின் 35-ஆம் பிரிவு, எவையெல்லாம் உழைப்பு என்று நீளமாகச் சொல்கிறது. வேலையால் வரும் வருமானம், கம்பனிப் பென்ஷன், வேலையிடக் காயத்துக்கான இழப்பீடு போன்றவை அதற்குள் வரும். போன வருடத்து வரி மீதி வராது. சம்பளம் கிடைத்த நாளிலேயே அது உங்கள் உழைப்பாகக் கணக்கில் ஏறிவிட்டது. ஒரே காசை இரண்டு தரம் உழைக்க முடியாது.

பயம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நிரப்புகிற ஈஐ ரிப்போர்ட்டில், இதுவரை சொல்லாத வேறு பணம் ஏதாவது கிடைத்ததா என்று ஒரு கேள்வி வரும். அதைப் பார்த்ததும் நல்ல மனுசர்கள் பதறிப்போய் ரீபண்டை உழைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். எழுதினால் என்ன நடக்கும்? வேலை செய்துகொண்டே ஈஐ எடுப்பவருக்கு, உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் குறையும். ஈஐ-க்கு முன் எடுத்த வாரச் சம்பளத்தின் 90 வீதத்தைத் தாண்டினால் டொலருக்கு டொலர் போகும். ஒரே வாரத்தில் 1,800 டொலர் உழைத்ததாக எழுதினால், 2025-இன் உச்சத் தொகையான 695 டொலர் பெறுபவருக்குக்கூட அந்த வாரம் ஒன்றும் வராது. பிறகு அவரே, "பாத்தீங்களா, ரீபண்ட் வந்ததும் வெட்டிப்போட்டாங்கள்" என்று சந்தியில் நின்று சொல்வார். வெட்டினது அரசாங்கம் இல்லை ஐயா, நீங்கள் போட்ட எண். ஈஐ-யை நடத்துகிற சேர்விஸ் கனடாவுக்கு அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள், திருத்துவார்கள்.

கதைக்கு இன்னொரு வேரும் உண்டு. 2020-இல் கோவிட் காலத்தில் ஈஐ எடுத்த பலருக்கு 2,000 டொலர் முற்பணமாகக் கொடுத்தார்கள். சீக்கிரம் வேலைக்குத் திரும்பியவர்களிடம் பிறகு அதைத் திருப்பிக் கேட்டார்கள். கட்டாத கடன் இருந்தால் கனடா வரித்துறையான சீஆர்ஏ அதை உங்கள் ரீபண்டில் கழித்துக்கொள்ளலாம். அதாவது, ஈஐ கடன் ரீபண்டைத் தின்னும். ரீபண்ட் ஈஐ-யைத் தின்னாது. கதை பரப்பினவர்கள் தலையையும் வாலையும் மாற்றிவிட்டார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டு பைல் பண்ணாமல் இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. குழந்தை உதவிப் பணம் ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாகக் கணக்கிடப்படும். அதற்குத் தாய் தகப்பன் இருவருடைய வரிப் படிவமும் வேண்டும். 2025 ஜூலையில் தொடங்கிய வருடத்துக்கு, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கான உச்சத் தொகை 7,997 டொலராக இருந்தது. கணவர் ஈஐ-யைக் காப்பாற்றுகிறேன் என்று படிவத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்க, மனைவியின் வங்கிக் கணக்குக்குப் பிள்ளைக் காசு வராமல் நிற்கும். பிந்திப் பைல் பண்ணினால் விட்டதைத் தருவார்கள்தான். ஆனால் வேலையும் இல்லாத அந்த மாதங்களுக்கு வாடகை யார் கட்டுவது?

வரிப் பக்கத்தில் ஈஐ-யைத் தொடுகிற உண்மையான விதி ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. 2025-இல் உங்கள் நிகர வருமானம் 82,125 டொலரைத் தாண்டினால், வழக்கமான ஈஐ-யில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். தாண்டிய தொகை, பெற்ற ஈஐ ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் 30 வீதம். 90,125 டொலர் நிகர வருமானத்துடன் 10,000 டொலர் ஈஐ எடுத்தவர் 2,400 டொலர் கட்டுவார். முந்தைய பத்து வருடங்களில் ஒரு வாரம்கூட வழக்கமான ஈஐ எடுக்காதவருக்கு இது இல்லை. பிள்ளைப்பேற்று, சுகயீனக் கொடுப்பனவுகளுக்கும் இல்லை. இந்தக் கணக்கிலும் ரீபண்ட் சேராது. ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டமான ஆர்ஆர்எஸ்பியிலிருந்து எடுத்த காசு சேரும். அதில் போட்ட காசு நிகர வருமானத்தைக் குறைக்கும்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். ஈஐ-க்கு வரி இல்லை என்பது பொய். ஈஐ எடுத்தவருக்கு வரும் ரி4ஈ துண்டில் 14-ஆம் பெட்டியில் பெற்ற தொகையும் 22-ஆம் பெட்டியில் பிடித்த வரியும் இருக்கும். பிடித்த வரி போதும் என்பதும் பலருக்குப் பொய். வருடத்தின் பாதி நல்ல சம்பளமும் பாதி ஈஐ-யும் எடுத்தவர் ஏப்ரலில் கட்ட வேண்டியவராக இருக்கலாம். கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி சேர்விஸ் கனடாவிடம் கேட்கலாம். குழந்தை உதவிப் பணம் ஈஐ-யைக் குறைக்கும் என்பது சுத்தப் பொய். ஈஐ அரசாங்கத்தின் தருமம் என்பதும் அப்படியே: நீங்கள் கட்டுகிற காப்புறுதிப் பணத்துக்கு 1.4 மடங்கை முதலாளி கட்டுகிறார்.

வந்த இடத்தில் என் நெடுநாள் குறையையும் சொல்லிவிடுகிறேன். "உடனடி ரீபண்ட்" என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிற கடைகளுக்குப் போகாதீர்கள். முதல் 300 டொலரில் 15 வீதமும் மீதியில் 5 வீதமும் எடுக்கச் சட்டம் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. 2,300 டொலர் ரீபண்டில் 145 டொலர் போய்விடும். மின்வழியில் பைல் பண்ணி வங்கிக்கு நேரே கேட்டால், பெரும்பாலும் இரண்டு கிழமையளவில் முழுக் காசும் வரும். வேலை இழந்து நிற்பவரிடம் அந்த 145 டொலரைக் கழிக்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தொண்டர்கள் இலவசமாகவே பைல் பண்ணிக் கொடுக்கிறார்கள். அங்கே போங்கள். சம்பளத் துண்டான ரி4-உடன் ரி4ஈ-யையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

கடைசி நாள் ஏப்ரல் 30. வரி கட்ட இருந்தும் பிந்தினால் 5 வீதத் தண்டம், அதன்மேல் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதம். 2,000 டொலர் கட்ட வேண்டியவர் ஆறு மாதம் பிந்தினால் தண்டம் மட்டும் 220 டொலர். கையில் காசில்லை என்றாலும் அந்தத் தேதிக்குள் பைல் பண்ணிவிடுங்கள். வட்டி ஏறும், ஆனால் அந்தத் தண்டம் வராது. தவணையில் கட்ட சீஆர்ஏ-யுடன் பேசிக்கொள்ளலாம்.