பசுமை மாறா மரம்

ஆக்ராவில் உள்ள தாஜ்மகாலின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வெண்பளிங்குக் கட்டடத்தின் முன் நீண்டு செல்லும் நீர்நிலையின் இருமருங்கிலும் கரும்பச்சை நிற மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை சைப்ரஸ் மரங்கள். பாரசீகத் தோட்டக்கலையைப் பின்பற்றிய முகலாயர், தம் தோட்டங்களில் இம்மரத்தை விரும்பி நட்டனர். ஈரான் நாட்டின் அபர்கூ என்னும் ஊரில் உள்ள ஒரு சைப்ரஸ் மரம் 4,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது என மதிப்பிடுகின்றனர்.

பெயரும் பொருளும்

இம்மரத்தின் தாவரவியற் பெயர் குப்ரெசஸ் செம்பர்வைரன்ஸ். இலத்தீன் மொழியில் 'செம்பர்வைரன்ஸ்' என்றால் 'என்றும் பசுமையானது' என்று பொருள். அப்படியானால் இதன் இலைகள் உதிர்வதே இல்லையா? உதிரும். ஆனால் எல்லா இலைகளும் ஒரே பருவத்தில் உதிர்வதில்லை. பழைய இலைகள் சிறிது சிறிதாக உதிரும்போதே புதியவை தோன்றிக்கொண்டிருக்கும். அதனால் மரம் ஆண்டு முழுவதும் பசுமையாகக் காட்சியளிக்கிறது. இதன் இலைகள் மிகச் சிறியவை; மீனின் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்.

மலையிலும் கடற்கரையிலும்

தமிழ்நாட்டில் உதகமண்டலத்திற்குச் செல்வோர் சைப்ரஸ் மரங்களைக் காணலாம். கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரைக்கு உரிய சைப்ரஸ் வகை நீலகிரியில் நடப்பட்டு ஓங்கி வளர்ந்துள்ளது. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்று குளிர்ந்தது. மழைநீர் மலைச்சரிவில் வழிந்தோடிவிடும்.

நாம் வாழும் மும்பையின் நிலை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தாஜ்மகாலில் உள்ள சைப்ரஸ் வகையின் தாயகமான மத்தியதரைக்கடல் பகுதியிலோ குளிர்காலத்தில் மழை பெய்யும், கோடைக்காலம் வறண்டிருக்கும். ஆகவே மும்பையின் வெப்பமும் மழையும் சேர்ந்த பருவம் அம்மரத்திற்கு ஏற்றதன்று.

அணுசக்தி நகரின் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் வளர்க்க, சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடி உண்டு. அதுவே 'மோர்பங்கி'. சீனாவைத் தாயகமாகக் கொண்ட இதன் கிளைகள் விசிறிபோல் தட்டையாக விரிந்திருக்கும். அதனால்தான் மயிலிறகு என்னும் பொருளில் அப்பெயர் பெற்றது. வட இந்தியச் சிறுவர்கள், கல்வி வளரும் என்று நம்பி இதன் தளிரைப் புத்தகத்திற்குள் வைப்பர். தமிழ்ச் சிறுவர்கள், குட்டி போடும் என்று நம்பி மயிலிறகையே புத்தகத்தில் வைத்ததை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள்.

வளர்க்கும் முறை

1. இடம்: நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைச் சற்றே திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் சீராக வளரும்.

2. மண்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு சேர்த்துக் கலக்குங்கள். தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். துளையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தால் மண் வெளியேறாது; நீர் வடியும்.

3. நீர்: வேர்களுக்கு நீரோடு காற்றும் தேவை. மண்ணில் நீர் தேங்கினால் காற்று புகாது, வேர் அழுகும். வேர் அழுகினால் இலைகள் பழுப்பாகும். நீர் இல்லாவிட்டாலும் இலைகள் பழுப்பாகும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். செடி வாடுகிறதே என்று இரங்கி மேலும் மேலும் நீர் ஊற்றுவோர், அழுகும் வேரை முற்றிலும் அழித்துவிடுவர். எனவே இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை மண்ணுக்குள் சிறிது ஆழம் நுழைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் நீர் வேண்டா, உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள்.

4. கவாத்து: வேம்பின் கிளையை வெட்டினால் மீண்டும் தழைக்கும். சைப்ரஸ் குடும்பச் செடிகள் பெரும்பாலும் அவ்வாறு தழைப்பதில்லை. இலையற்ற பழங்கிளை வரை வெட்டினால் அவ்விடம் வெறுமையாகவே நின்றுவிடும். ஆகவே பசுமையான நுனியை மட்டும் அளவாகக் கத்தரிக்க வேண்டும்.

5. பூச்சி: வறண்ட நாள்களில் சிலந்திப்பேன்கள் சாற்றை உறிஞ்சலாம். இலைகளின்மேல் நீரைத் தெளித்துக் கழுவுதல் நலம்.

அன்போடு நீர் ஊற்றினால் மட்டும் போதாது. செடியின் தேவையை அறிந்து ஊற்ற வேண்டும்.

சொற்பொருள்

இருமருங்கு – இரண்டு பக்கம்
கவாத்து – கிளைகளை வெட்டிச் சீராக்குதல்
மட்கிய – மக்கிய
தாயகம் – பிறப்பிடம்

விடையளி

1. பசுமை மாறா மரத்தின் இலைகள் உதிருமா? விளக்குக.
2. சைப்ரஸ் வளர உதகமண்டலம் ஏற்ற இடமாக இருப்பது ஏன்?
3. இலை பழுப்பானதும் உடனே நீர் ஊற்றக் கூடாது. ஏன்?

மொழிப்பயிற்சி

'மாறாத மரம்' என்பது 'மாறா மரம்' என ஈறு கெட்டு வந்துள்ளது. இவ்வாறே மாற்றி எழுதுக: வாடாத மலர், தேயாத நிலவு, அழியாத புகழ்.

செயல்பாடு

வீட்டில் உள்ள ஒரு தொட்டிச் செடியின் மண்ணைப் பத்து நாள்கள் விரலால் தொட்டுப் பார்த்து, ஈரமா, உலர்வா என்று நாள்வாரியாகக் குறிப்பெழுதுக.