யந்திரத்தின் துணையும் மனிதனின் சொல்லும்

உடலின் ஓர் உறுப்பு செயலிழக்கும்போது அதன் வேலையைச் செய்ய ஒரு கருவியை அமைத்துக்கொள்வது மனிதனுக்குப் புதிதன்று. பார்வை மங்கியவர் மூக்குக்கண்ணாடி அணிகிறார். காலிழந்தவர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடக்கிறார். செவிப்புலன் குன்றியவர் காதுக் கருவியின் துணையால் உரையாடுகிறார். இவர்களுள் எவரையும் பாதி மனிதர், பாதி யந்திரம் என்று உலகம் கருதுவதில்லை.

ஆனால், கருவியானது கையின் வேலையையோ காலின் வேலையையோ அன்றி, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே மேற்கொள்ளுமாயின், பேசுபவர் மனிதரா, யந்திரமா என்னும் வினா எழுகிறது. செயற்கை நுண்ணறிவு வளர்ந்துள்ள இக்காலத்தில் இது வெறும் கற்பனை வினாவன்று. பேச்சை இழந்த நோயாளர் பலருடைய அன்றாட வாழ்வில் இது நேரில் எதிர்ப்படுகிறது. இவ்வினாவை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

நோயின் தன்மை

மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள சில நரம்பணுக்கள் தசைகளுக்கு ஆணையிடுகின்றன. இவை இயக்க நரம்பணுக்கள் எனப்படும். இவை படிப்படியாக அழிவதே இயக்க நரம்பணு நோய் ஆகும். ஆணை வராத தசை மெலிகிறது. கை, கால், நாக்கு, தொண்டை, மூச்சுத் தசைகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன. ஆயினும் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் நெடுநாள் தப்பி நிற்கின்றன. நோயாளருள் ஒரு சாராருக்குச் சிந்தனையிலும் நடத்தையிலும் மாறுதல்கள் நேர்வதுண்டு. எனினும் பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டும் உணர்ந்தும் கிடக்கும் ஒருவர், ஒரு சொல்லும் சொல்ல இயலாத நிலையை அடைகிறார். அவருக்கும் உலகுக்கும் இடையே எஞ்சி நிற்கும் வாயில் கண் ஒன்றே.

இருவர், இரு வழிகள்

ஆங்கில நாட்டுப் பௌதிக அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1942-ல் பிறந்தவர். 1963-ல், தமது 21-ஆம் வயதில், இந்நோய் தமக்கு உள்ளதை அறிந்தார். 1985-ல் கடுமையான நிமோனியா கண்டு, உயிரைக் காக்கக் குரல்வளையின் கீழே துளையிட நேர்ந்தது; அத்துடன் அவரது பேச்சு நின்றது. அதன்பின் கணிப்பொறித் திரையில் சொற்களைத் தெரிவு செய்து, செயற்கைக் குரலில் அவற்றை ஒலிக்கச் செய்தார். முதலில் கையால் ஒரு விசையை அழுத்தினார். கையும் தளர்ந்தபின், கன்னத் தசையின் சிறு துடிப்பை அவரது மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணர்கருவி அறிந்து விசையை இயக்கிற்று.

அவர் பயன்படுத்திய குரல் அமெரிக்க உச்சரிப்பு உடையது. பிற்காலத்தில் அதனினும் இயல்பான குரல்கள் கிடைத்தன. ஆயினும் அவர் அதை மாற்ற உடன்படவில்லை. அந்த யந்திரக் குரலையே தம் குரலாக அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். 2018-ல் மறையும் வரையில் அதே குரலில் பேசினார்.

பீட்டர் ஸ்காட்-மார்கன் என்பவரும் ஆங்கிலேயரே. 1958-ல் பிறந்த அவர் யந்திர மனிதவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2017-ல் இதே நோய் தமக்கு உள்ளதென அறிந்தபோது, யந்திரங்களோடு இணைந்து வாழ்வதென்று துணிந்தார். உணவும் கழிவும் செல்லும் வழிகளை நோய் முற்றுமுன்னரே அறுவைச் சிகிச்சையால் மாற்றியமைத்துக்கொண்டார். உமிழ்நீர் நுரையீரலுள் புகாதிருக்க, 2019-ல் குரல்வளையையே அகற்றச் செய்தார். அதற்கு முன் தம் குரலை நீண்ட நேரம் ஒலிப்பதிவு செய்து, அதைக்கொண்டு தமக்கென ஒரு செயற்கைக் குரலை உருவாக்கச் செய்தார். முகத் தசைகள் தளருமுன் தம் முகத்தின் அசையும் வடிவம் ஒன்றையும் திரைக்கென ஆக்குவித்தார். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமானார்.

இவ்விருவருக்கும் கருவிகள் அமைக்க உதவிய பொறியியலாளர் குழு ஒன்றே. ஆயினும் இருவரது விருப்பமும் வேறு. தமது ஒவ்வொரு சொல்லையும் தாமே தெரிவு செய்ய வேண்டும் என்றார் ஹாக்கிங். உரையாடல் விரைவும் இயல்பும் பெறுமாயின், தெரிவில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக்கு விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருந்தார் ஸ்காட்-மார்கன். ஒருவர் அயலான் குரலை ஏற்றுச் சொல்லை விடாது காத்தார். மற்றவர் தம் குரலைக் காத்துச் சொல்லில் சிறிது விட்டுக்கொடுக்க இசைந்தார். இருவருமே தம் வழியைத் தாமே வகுத்துக்கொண்டனர் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

கருவி இயங்கும் விதம்

கண்ணால் எழுதும் கருவியில் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி விழியின் மீது வீசப்படுகிறது. விழியிலிருந்து திரும்பும் ஒளிப்புள்ளியையும் கருமணியின் நடுவையும் ஒளிப்படக் கருவி காண்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவும் திசையும் கொண்டு, பார்வை திரையில் எவ்விடம் படிகிறது என்று கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்தின்மீது பார்வை சற்று நிலைத்தால் அவ்வெழுத்து பதிவாகும்.

இம்முறை மெதுவானது. ஆகவே கணிப்பொறி அடுத்த சொல்லை ஊகித்து முன்வைக்கிறது. ஏராளமான வாக்கியங்களைப் பயின்று, எந்தச் சொல்லின்பின் எந்தச் சொல் மிகுதியாக வரும் என்பதை அது கணித்து வைத்திருக்கிறது. நோயாளர் தாம் முன்னர் எழுதியவற்றையும் அதற்கு ஊட்டினால், அவர் நடையிலேயே சொற்கள் வரும்.

இப்போது மூளையிலிருந்தே பேச்சை அறியும் முயற்சியும் நடைபெறுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், இந்நோயுற்ற ஒருவரது மூளையில் பேச்சுக்குரிய பகுதியில் 256 நுண்மின்வாய்களைப் பதித்தனர். அவர் பேச முயலும்போது எழும் நரம்புக் குறிகள் ஒலிகளாகவும், ஒலிகள் சொற்களாகவும் மாற்றப்பட்டன. சுமார் 97 விழுக்காடு சொற்கள் சரியாக அமைந்தன என்று 2024-ல் அவர்கள் அறிவித்தனர். நோய்க்கு முந்திய அவரது குரலைப் போன்ற குரலிலேயே அவை ஒலித்தன. இங்கும் ஒலிகளைச் சொற்களாக இணைப்பதில் ஊகம் செய்யும் மொழிநிரல் பங்கு கொள்கிறது.

வேண்டும், வேண்டாம்

ஊகம் எங்கே துணையாகிறது, எங்கே தீங்காகிறது என்பதைத் தமிழ் வாக்கியம் ஒன்றால் எளிதில் விளக்கலாம். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னரே வந்துவிடுகிறது. தமிழிலோ வாக்கியத்தின் முடிவை அதன் கடைசிச் சொல்லே தீர்மானிக்கிறது. "இந்தச் சிகிச்சை எனக்கு" என்று ஒருவர் கண்ணால் எழுதிவிட்டு ஓய்கிறார் எனக் கொள்வோம். பெரும்பாலோர் எழுதுவது "வேண்டும்" என்பதாகையால் கருவி அதனை முன்வைக்கும். எழுதியவர் சொல்ல விரும்பியது "வேண்டாம்" என்பதாயின், ஒரு சொல்லில் அவரது விருப்பம் தலைகீழாகிவிடும். கருவியின் மீது குற்றமில்லை. பலர் சொல்வதையே அது சொல்லிற்று. ஆனால் மனிதர் பேசுவது பலர் சொல்வதைச் சொல்வதற்கு மட்டும் அன்று. எதிர்பாராததைச் சொல்லும் உரிமையும் அவருடையது.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம். குரல், முகம், வேகம் ஆகியவற்றை யந்திரம் ஏற்கலாம். சொற்களை முன்மொழியவும் செய்யலாம். ஏற்பதும் மறுப்பதும் மனிதரிடம் இருத்தல் வேண்டும். மறுக்க வழியின்றி யந்திரம் பேசுமாயின், குரல் எவ்வளவு ஒத்திருப்பினும் பேசுபவர் அவர் அல்லர்.

மூளை முழுவதையும் யந்திரமாக்க இயலுமா?

மனித மூளையை அப்படியே கணிப்பொறிக்கு மாற்றிவிடலாம் என்னும் செய்திகளை மாணவர்கள் படிக்கக்கூடும். உண்மை நிலை வேறு. 302 நரம்பணுக்களே உடைய ஒரு சிறு புழுவின் நரம்பு இணைப்பு வரைபடம் 1986-ல் வெளியாயிற்று. அதன் நடத்தை முழுவதையும் கணிப்பொறியில் அப்படியே தோற்றுவிப்பது இன்னும் கைகூடவில்லை. வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளை வரைபடம் 2024-ல் முற்றுப்பெற்றது. அதில் சுமார் 1,40,000 நரம்பணுக்களும் 5 கோடி அளவில் இணைப்புகளும் உள்ளன. மனித மூளையில் இருப்பவையோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். வரைபடம் கிடைப்பினும் அது நாட்டின் சாலைப் படம் போன்றதே. எந்தச் சாலையில் எந்த வண்டி எதற்காகச் செல்கிறது என்பதை அது கூறாது.

ஆதலின், மனிதன் யந்திரமாகி வாழ்வதென்பது இன்றைய நிலையில் உறுப்புக்கு உறுப்பு துணை பெறுவதேயாகும். இறந்தவரின் குரலில் யந்திரம் பேசுமாயினும், அதற்கு விருப்பமோ பொறுப்போ இல்லை.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குரல்வளை அகற்றப்படுதல் போன்றவற்றால் நேரும் நிலையான பேச்சுக் குறையையும் மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அத்தகையோரைக் காணும் பணியாளர்கள் பின்வருவனவற்றை மனங்கொள்ளலாம்.

1. பேச்சு குழறத் தொடங்கியவுடனேயே நோயாளரின் குரலைப் பதிவு செய்யுமாறு குடும்பத்தாருக்குக் கூறவேண்டும். பொது வாக்கியங்களோடு, பேரப் பிள்ளைகளை அழைக்கும் பெயர்கள், வட்டார வழக்குகள், சிரிப்பு ஆகியவையும் பதிவாகட்டும்.

2. "ஆம்", "இல்லை" என்பவற்றுக்குரிய கண்சாடைகளை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மேல் நோக்கினால் ஆம், கண் மூடினால் இல்லை என்பன போல எளியவையாக இருத்தல் நன்று.

3. விலையுயர்ந்த கருவி இல்லாவிடில் எழுத்துப் பலகை போதும். தமிழின் 247 எழுத்துகளையும் எழுத வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் ஆக 31 கட்டங்களை வரிசைகளாக அமைத்தால் போதுமானது. "நீர்" என்பதற்கு ந், ஈ, ர் என மூன்று கட்டங்களைக் காட்டினால் போதும். உதவுபவர் வரிசைகளை ஒவ்வொன்றாகச் சுட்ட, உரிய வரிசையில் நோயாளர் கண்சாடை செய்வார். பின்னர் அவ்வரிசையின் எழுத்துகளைச் சுட்டவேண்டும்.

4. வாக்கியத்தை நோயாளருக்காக முடித்துவிடலாகாது. ஊகித்துச் சொன்னால், அதனை முழுவதும் படித்துக் காட்டி அவரது இசைவைப் பெறவேண்டும். சிகிச்சை, சொத்து, குடியிருப்பு பற்றிய சொற்களில் இருமுறை கேட்பது கடமையாகும்.

5. நோயாளரிடமே பேசவேண்டும், அவர் முன்னிலையில் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுதல் தகாது.

வகுப்பறைப் பயிற்சி

மாணவர் மூவரைக் கொண்ட குழுக்களை அமைக்கவும். ஒருவர் பேசாமல் கண்ணால் மட்டும் எழுத்துப் பலகை வழியே ஒரு வாக்கியம் கூறட்டும். இரண்டாமவர் எழுத்துகளைச் சுட்டிப் பதியட்டும். மூன்றாமவர் யந்திரத்தைப் போல அடுத்த சொல்லை ஊகித்து முன்மொழியட்டும். கால் மணி நேரத்தின்பின் மூவரும் இடம் மாறட்டும். தவறான ஊகத்தை மறுக்க இயலாதபோது தாம் அடைந்த உணர்வை மாணவர்கள் எழுதிக் காட்டுதல் இப்பயிற்சியின் பயனாகும்.

வினாக்கள்

1. கண்ணின் பார்வை திரையில் எங்குப் படிகிறது என்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது?

2. ஹாக்கிங் தம் யந்திரக் குரலை மாற்ற மறுத்ததும், ஸ்காட்-மார்கன் தம் சொந்தக் குரலைக் காத்ததும் எவ்வாறு ஒரே கருத்தை உணர்த்துகின்றன?

3. தமிழ் வாக்கிய அமைப்பில் கடைசிச் சொல்லை ஊகிப்பது ஏன் அதிக எச்சரிக்கைக்குரியது?

4. உம் வீட்டில் பேச இயலாதவர் ஒருவர் இருப்பின், அவரது "வேண்டாம்" என்னும் சொல் பிறர் செவிக்குத் தவறாது எட்ட என்னென்ன ஏற்பாடுகளைச் செய்வீர்?