பழைய வில்லையும் புதிய காமிராவும்

தெப்பக்குளத்தின் கரையில் நின்று மலைக்கோட்டையை நோக்கி வியவாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். அங்ஙனம் நோக்குவார் கையில் இந்நாளில் ஏதேனும் ஒரு படக்கருவி இருத்தலும் இயல்பாயிற்று. ஆயின் 1858-ஆம் ஆண்டில் இம்மலையைப் படம்பிடித்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார்க்கு அஃது அத்துணை எளிதாயிருந்ததில்லை. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற அவர், பெரிய மரக் காமிராவையும், மெழுகூட்டிய காகிதங்களையும், மருந்துப் புட்டிகளையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊரூராகச் சென்றார். திருச்சிராப்பள்ளியில் அவர் எடுத்த படங்கள் அவ்வாண்டே ஒரு தொகுதியாக வெளிவந்தன.

இத்தகைய பழம் படங்களால் நாம் அடையும் பயன் யாது எனின், ஓர் எடுத்துக்காட்டுப் போதும். திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் 1987-ஆம் ஆண்டில் 236 அடி உயரத்துடன் நிறைவெய்தியது. அதற்குமுன் பல நூற்றாண்டுகள் அஃது அடிநிலை அளவிலேயே நின்று, மொட்டைக் கோபுரம் என வழங்கப்பட்டது. அந்நிலையை இன்று கண்ணாற் காண இயலாது; படங்களிலேயே காணலாகும். மறைந்ததை மறையாது வைத்திருப்பது படம். அப்படத்திற்கு உயிராயிருப்பது லென்ஸ் எனப்படும் கண்ணாடி வில்லை.

பழைய வில்லைகளை வாங்கிப் புதிய காமிராக்களிற் பொருத்திப் படமெடுக்கும் ஆர்வம் நம் மாணவரிடையே இப்போது மிகுந்து வருகின்றது. புதிய வில்லைகளின் விலை பெரும்பாலான மாணவர்க்கு எட்டாதது. பழையனவோ குறைந்த விலைக்குக் கிடைப்பன. ஆராய்ந்து கொள்வார்க்கு நல்ல பயன் தருவன. ஆராயாது கொள்வார்க்கு நேர்வது யாதென்பதை யான் பட்டறிந்தவன். ஆதலின் அதனை முதற்கண் கூறுகின்றேன்.

யான் அடைந்த இழப்பு

விடுதியிலிருந்து பயின்ற காலத்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு கடைத்தெருவொன்றில் ஒரு பழைய வில்லையை வாங்கினேன். விற்றவர் அதன் உலோக வளையங்களைத் துணியாற் துடைத்துக் காட்டி, "புதியது போலவே இருக்கிறது, தம்பி, இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது" என்றார். யானும் புறத்தின் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தேனேயன்றி, அகத்தை நோக்கினேனில்லை.

அவ்வாண்டு தை மாதத்தில் திருவரங்கத்தில் என் பாட்டியாருக்கு எண்பது வயது நிரம்பிற்று. காலை வேளையில் அவர் வீட்டின் கூடத்தில் அமர்ந்து, வந்தோர்க்கெல்லாம் தாம்பூலம் கொடுத்து வாழ்த்தினார். அவர்க்குப் பின்புறம் திறந்த வாயில் வழியாகத் தெருவின் வெயில் தெரிந்தது. யான் நாற்பது படங்களுக்குமேல் எடுத்தேன். காமிராவின் சிறு திரையில் யாவும் நன்றாகவே தோன்றின. இரவில் கணினியின் பெருந்திரையில் இட்டுப் பார்க்குங்கால், ஒவ்வொரு படத்திலும் பாட்டியாரின் முகத்தின்மேல் வெண்புகை படர்ந்தாற்போன்றதொரு மங்கல் காணப்பட்டது. எத்துணைத் திருத்தியும் அது முற்றும் நீங்கிற்றில்லை. செய்தியைக் கூறியபோது பாட்டியார் சிரித்து, "பரீட்சை முடிந்ததும் வாடா, மறுபடியும் உட்காருகிறேன்" என்றார். பரீட்சை முடியுமுன்னே அவர் காலமாகிவிட்டார். இன்று எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளது அம்மங்கற் படங்களுள் ஒன்றேயாகும்.

பின்னர் அவ்வில்லையைத் திருவரங்கத்திலுள்ள முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் பல்லாண்டு படக்கடை வைத்திருந்தவர். ஆலப்புழையிற் செய்யப்பட்ட வாகீஸ்வரி என்னும் மரக் காமிராவில் தொழில் பழகியவர். அவர் ஒன்றும் பேசாது ஒரு டார்ச்சு விளக்கை எடுத்து, வில்லையின் பின்புறமிருந்து ஒளியைச் செலுத்தி, என்னை நோக்கச் சொன்னார். உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது; கண்ணாடியின்மேல் ஆவி படிந்தாற்போன்ற மூட்டமும் இருந்தது. "லென்ஸை வெளியே பார்த்து வாங்கக்கூடாது, தம்பி, உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்து வாங்கவேண்டும்" என்றார். இக்கட்டுரையிற் கூறுவனவற்றுள் பெரும்பகுதி அன்று அவரிடம் கற்கத் தொடங்கியதேயாம்.

வில்லையின் இயல்பு

ஒற்றைக் கண்ணாடி வில்லை தெளிவான படத்தைத் தாராது. ஓரங்களில் மங்கலும் நிறச் சிதறலும் உண்டாகும். இக்குறைகளை நீக்கவே பல வில்லைகளைக் கூட்டி ஒரு குழாயில் அமைத்தனர். 1840-ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்த பெட்ஸ்வால் என்னும் கணித ஆசிரியர், உருவப்படங்களை விரைவில் எடுத்தற்கேற்ற வில்லையைக் கணக்கிட்டமைத்தார். 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் தொழிற்சாலையைச் சார்ந்த பால் ருடால்ப் என்பவர், நான்கே கண்ணாடிகளால் ஆகிய டெஸ்ஸார் என்னும் வில்லையை ஆக்கினார். 1935-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையிலேயே ஸ்மக்குலா என்பவர், கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சிட்டு ஒளி எதிரொளித்து வீணாதலைக் குறைக்கும் முறையைக் கண்டார். பழைய வில்லையைச் சாய்த்து நோக்குங்கால் நீலமாகவோ செம்மஞ்சளாகவோ மின்னுவது இப்பூச்சே. பூச்சில்லாத மிகப் பழைய வில்லைகள், எதிர்வெயிலில் மங்கலான படங்களைத் தருவன.

வில்லையின் வளையத்தில் 58 மி.மீ., எஃப்/2 எனப் பொறித்திருப்பின், அதன் குவியத்தூரம் 58 மி.மீ. என்றும், அதனை இரண்டாற் பகுக்க வரும் 29 மி.மீ. அதன் ஒளித்துளையின் அகலம் என்றும் கொள்க. காமிராவுடன் இக்காலத்தில் விற்கப்படும் சாதாரண வில்லைகள், நீட்டிய நிலையில் எஃப்/5.6 அளவே திறப்பன. எஃப்/2 அதனினும் எட்டு மடங்கு ஒளியை உட்செலுத்தும். மாலையில் மங்கிய மண்டபத்துள்ளும், மின்விளக்குக் குறைந்த கூடத்துள்ளும் பழைய வில்லைகள் பயன்படுதற்குக் காரணம் இதுவே.

வாங்குமுன் ஆராயவேண்டியவை

முதலாவது, ஒளித்துளையை முற்றும் திறந்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, இருபுறமும் மாறிமாறி உள்ளே நோக்குக. சிறு தூசுகள் சில இருப்பதனாற் படம் கெடாது, அதுபற்றி அஞ்சவேண்டா. முன்கண்ணாடியிலுள்ள மெல்லிய கீறல் ஒன்றிரண்டும் பெருந்தீங்கு செய்யா. பின்கண்ணாடியிலுள்ள கீறல் அவ்வாறன்று. அது படத்தில் எளிதிற் புலப்படும். நூல் போலவும் மரக்கிளை போலவும் கிளைத்திருப்பது பூஞ்சை. அதனைத் துடைத்து நீக்கினும், அது கக்கிய அமிலம் கண்ணாடியை அரித்த வடு நீங்காது. வானவில் நிறத்துடன் விளிம்பிலிருந்து பரவும் திட்டுக்கள், ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்தமைக்கு அறிகுறி. இவ்விரண்டுள் யாதொன்று மிக்கிருப்பினும், விலை எத்துணைக் குறைவாயினும் அதனை விடுத்தலே நன்று.

இரண்டாவது, ஒளித்துளையின் தகடுகளை நோக்குக. வளையத்தைத் திருப்பியவுடன் அவை தடையின்றி மூடித் திறத்தல் வேண்டும். தகடுகளில் எண்ணெய் பளபளத்தால், தாமே மூடும் அமைப்புடைய வில்லைகளில் அவை ஒட்டிக்கொண்டு காலந் தாழ்க்கும். திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்த வில்லைகளில் மசகு உருகித் தகடுகளிற் பரவுதல் இயல்பு.

மூன்றாவது, போகஸ் வளையம் ஒரே சீராகச் சுழலுகின்றதா எனக் காண்க. இடையில் நறநறவென்று ஒலித்தால் மணல் புகுந்துள்ளது என்பது துணிவு. குழாயைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுக. உள்ளே ஏதேனும் கலகலத்தால் காரணம் வினவுக. திருகுகளின் தலை சிதைந்திருப்பின், பழகாத கை ஒன்று முன்னரே அதனைப் பிரித்துள்ளது என்றறிக.

நான்காவது, இயலுமாயின் சொந்தக் காமிராவையே கொண்டு சென்று படமெடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நேரே நின்று எடுத்தால், நடுவும் நான்கு மூலைகளும் எவ்வளவு தெளிவு என்பது விளங்கும். காவிரிப் பாலத்தில் நின்று உச்சிப்பிள்ளையார் கோயிலை எடுத்தால், நெடுந்தூரப் பொருள் தெளிவாக விழுகின்றதா என்பது விளங்கும். வெளிச்சமுள்ள சன்னலுக்கு எதிரே ஒருவரை நிறுத்தி எடுத்தால், மூட்டம் உண்டா இல்லையா என்பது விளங்கும். இம்மூன்றாம் சோதனையை அன்று செய்திருப்பேனாயின், இக்கட்டுரைக்குக் காரணமே இராது.

வில்லை மஞ்சளாகத் தோன்றின் மயங்கற்க. ஸூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சிலவற்றில், தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் மஞ்சள் நிறம் அடையும். பல நாள் புறவூதாக் கதிர் படச் செய்தால் அந்நிறம் பெரிதும் நீங்கும். அத்தகைய கண்ணாடியை உடைத்தலோ தேய்த்தலோ கூடாது. கண்ணருகே வைத்து நோக்கும் உருப்பெருக்கியாகவும் பயன்படுத்தலாகாது.

பொருத்தும் முறை

ஒவ்வொரு வில்லையும், தன் பின்விளிம்பிலிருந்து படம் விழும் பரப்பு வரை இன்ன தூரம் என்னும் கணக்கின்படி செய்யப்பட்டது. எம்-42 எனப்படும் திருகு வகைக்கு அது 45.46 மி.மீ. சோனி-இ வகைக் காமிராவில் அத்தூரம் 18 மி.மீ. ஆகவே 27.46 மி.மீ. பருமனுள்ள இடைவளையம் ஒன்றை நடுவே இட்டால் கணக்கு நேராகும். கடைகளில் அடாப்டர் என்பது இதனையே. கண்ணாடி பொருத்திய பழைய நிக்கான்-எஃப் வகையிலோ தூரம் 46.5 மி.மீ.; வில்லைக்கு வேண்டியதைவிட அது மிகையாதலின், வெறும் வளையத்தால் சேய்மைப் பொருள்கள் தெளியா. காமிராவின் கணக்கை அறிந்து பின்னரே வில்லையை வாங்குக.

சோவியத்து நாட்டில் ஸெனிட் காமிராக்களுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்பது தொடக்கத்தார்க்கு ஏற்றது. அதில் ஒளித்துளைக்கு இரு வளையங்கள் உள. ஒன்றில் வேண்டும் அளவைக் குறித்து வைத்து, மற்றொன்றைத் திறந்து தெளிவு பார்த்து, பின் மூடிப் படமெடுத்தல் வேண்டும். முழுதும் திறந்தால் பின்னணி சுழல்வது போலத் தோன்றும், எஃப்/5.6 வரை மூடினால் தெளிவு மிகும். சிறிய உணர்பரப்புடைய காமிராவில் 58 மி.மீ. வில்லை ஏறக்குறைய 87 மி.மீ. வில்லையின் பார்வையைத் தருமாதலின், முகங்களை எடுத்தற்கு மிக ஏற்றது. கை நடுக்கம் புலப்படாதிருக்க, ஷட்டரின் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்கிற்குக் குறையாதிருத்தல் நலம்.

துணைக்கருவிகள்

பழைய பொருள்களுள் எஞ்ஞான்றும் வாங்கத்தக்கன உறுதியான முக்காலியும், வில்லையின் முன் பொருத்தும் ஹூட் என்னும் குடையுமாம். பக்க ஒளியைத் தடுத்துப் படத்தின் மங்கலைக் குறைத்தலின், குடைக்குக் கொடுக்கும் பணம் வீணாவதில்லை. கருப்பு வெள்ளைப் பிலிமில் எடுப்பார்க்கு மஞ்சள் பில்டர் உதவும். வானம் சற்றுக் கருத்து, மேகமும் கோபுரமும் எடுத்துத் தோன்றும்.

இரு பொருள்களில் எச்சரிக்கை வேண்டும். பழைய பிளாஷ் விளக்குகள் சிலவற்றின் இணைப்பு முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். புதிய காமிராவிற் பொருத்தினால் அதன் மின்னமைப்புப் பழுதாகலாம். பழைய ஒளிமானிகள் பல 1.35 வோல்ட் பாதரச பாட்டரிக்கென ஆக்கப்பட்டவை, இக்கால 1.5 வோல்ட் பாட்டரியை இட்டால் அளவு பிழைபடும்.

பேணுதல்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் மிகும்; ஈரமே பூஞ்சைக்கு உணவளிக்கும் தாய். வில்லைகளைத் தோலுறையில் இட்டுப் பெட்டியடியில் வையாதீர். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இறுக மூடும் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும், சிறிய ஈரமானியையும் இட்டு, நூற்றுக்கு 40 முதல் 50 வரை ஈரம் நிற்குமாறு பார்த்துக்கொள்க. அரிசியுள் புதைத்தல் தவறு. தவிட்டுத் தூசி உட்புகும். திங்கட்கு இருமுறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துக. தூசியை முதலில் ரப்பர்க் குமிழால் ஊதியும், மெல்லிய தூரிகையால் நீக்கியும், அதன் பின்னரே துடைத்தல் வேண்டும். வேட்டித் தலைப்பால் துடைப்பது, மணலிட்டுத் தேய்ப்பதற்கு நிகர்.

கோயிலுள் எடுக்குங்கால் தடையுள்ள இடங்களை அறிந்து விலகுதலும், மனிதரை எடுக்குங்கால் அவர்தம் இசைவு பெறுதலும் நம் கடமையென்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

முடிவாக

என் பழைய வில்லையை அம்முதியவரே பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். மூட்டம் அகன்றது, பூஞ்சை அரித்த வடு மட்டும் ஓரத்தில் நின்றது. அதனைக் கொண்டே அவரை அவர் கடைவாயிலில் அமர்த்தி ஒரு படமெடுத்தேன், தெளிவாகவே விழுந்தது. பணம் போயின் மீண்டும் ஈட்டலாம். பழுதான வில்லைக்கு ஈடாக வேறொன்று கொள்ளலாம். கூடத்தில் அமர்ந்து தாம்பூலம் கொடுத்த அக்காலை மட்டும் மீளாது. ஆதலின் மாணவ நண்பர்காள், வாங்குமுன் விளக்கேற்றி உள்ளே நோக்குமின். வாங்கியபின் உங்கள் இல்லத்து முதியோரை நாளை எடுப்போம் எனத் தாழ்க்காது, இவ்விடுமுறையிலேயே எடுத்து வைம்மின்.